ஊமைத் தொற்று

அலுவலகத்தில் அவருக்குத் தோராயம் என்று பெயர். வைத்தவர் யார் என்று தெரியாது, ஆனால் நல்ல காது உள்ளவர். 'தோராயமா' என்று தொடங்காமல் அவரால் மணி என்ன என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தப் பெயருக்காக அவர் கோபப்பட்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். சுகாதார அலுவலகத்தில் அவர் பார்க்கும் வேலையே அதுதானே. கொசு கடித்துப் பரவும் ஒரு வைரஸ் அந்த வட்டாரத்தில் தோராயமாக எத்தனை பேரைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை யார் வேண்டுமானாலும் எண்ணிவிடலாம். வராதவர்களை எண்ணத்தான் தோராயம் வேண்டும். குலுக்கலில் வீடுகளைத் தேர்ந்தெடுத்து, அந்த வீட்டில் உள்ள எல்லாருடைய விரல் நுனியிலும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஒரு சின்னப் பட்டையில் விடுவார்கள். ஒரு கோடு விழுந்தால் வைரஸ் வரவில்லை. இரண்டு விழுந்தால் வந்துவிட்டுப் போயிருக்கிறது. குத்துவதற்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு: இந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்ததா? பட்டையில் இரண்டு கோடும் வாயில் 'இல்லை'யும் வந்தால், வைரஸ் வந்தும் உடம்பைப் படுத்தவில்லை என்று பொருள். அதற்கு அவர் வைத்த பெயர் ஊமைத் தொற்று. அறிக்கையில் அந்தச் சொல் வரும் வரிகளை அவரே ஒரு தரம் வாய்விட்டுப் படித்துப் பார்த்துக்கொள்வார்.

இந்த வருஷம் ஊமைத் தொற்று ஏகத்துக்கு இருந்தது. அதுவும் பெண்களிடம் ரொம்ப அதிகம். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பெண்களின் உடம்புக்கே இந்த வைரஸைத் தாங்கும் தனிச் சக்தி இருக்கிறது என்று ஒரு கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டார். இயக்குநரம்மாவுக்கும் சந்தோஷம். இத்தனை பேருக்கு வந்ததே தெரியாமல் போய்விடுகிறது என்றால், பெரிய ஆஸ்பத்திரியில் காய்ச்சலுக்கென்று தனி வார்டு எதற்கு? அந்தக் கட்டில்களை வேறு எதற்காவது கொடுத்துவிடலாம். கோப்பு தயாராக இருந்தது. தோராயத்தின் எண் வந்தால் கையெழுத்து போட வேண்டியதுதான் பாக்கி.

எண் இவ்வளவு சீக்கிரம் வந்ததற்கும் அவரேதான் காரணம். முன்பெல்லாம் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். ஒரு வீட்டுக்கே பாதிக் காலை போய்விடும். குடும்பம் மொத்தத்தையும் கூடத்தில் ஒன்றாக உட்கார வை, வரிசையாகக் கேள், வரிசையாகக் குத்து, அடுத்த வீட்டுக்குப் போ என்று தோராயம் ஒரு விதி கொண்டுவந்தார். இயக்குநரம்மா கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அதைப் பாராட்டினார். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதை இரண்டு தரம் சொன்னார்.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் வாசலிலேயே, செருப்பைக்கூடக் கழற்றாமல், "நம்ம வீடு விழுந்துருச்சு" என்றார்.

மனைவி நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள்.

"குலுக்கல்ல விழுந்திருக்கு. நாளைக்கு நம்ம வீட்டுக்கு ரத்தம் எடுக்க வர்றாங்க."

"நாளைக்கா? வீடு கிடக்கிற கிடையில யாரைக் கூட்டிட்டு வரப் போறீங்க? அந்தப் பூந்தொட்டித் தட்டுல தண்ணி நிக்குது. கொசு ஆபீஸ்காரர் வீட்லயே கொசு வளர்க்கிறாங்கன்னு சிரிக்க மாட்டாங்களா? பேசாம வேற வீட்டை மாத்திப் போட்டுருங்க."

"மாத்தக் கூடாது. விதி."

"உங்க விதிக்கு நான்தானே தரை துடைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே அவள் துணியை எடுத்தாள்.

மறுநாள் காலை செவிலியர் வந்தாள். தோராயத்தின் கீழ் வேலை பார்ப்பவள், சின்னப் பெண், படபடவென்று பேசுவாள். அவரை சார் என்பாள். அவர் மனைவியைப் பார்த்த உடனே அக்கா என்று ஒட்டிக்கொண்டாள். கூடத்தில் மூன்று நாற்காலிகள் போட்டு தோராயம் நடுவில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் மனைவி, ஒரு பக்கம் பள்ளிக்குப் போகும் மகள்.

"பயப்படாத பாப்பா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று மகளுக்குத் தைரியம் சொன்னார்.

"நான் எங்கப்பா பயப்பட்டேன்? நீங்கதான் கையை மடியில ஒளிச்சு வச்சிருக்கீங்க."

செவிலியர் சிரித்துக்கொண்டே கைக்கணினியைத் திறந்தாள். "சார், இந்த மழைக்காலத்துல உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சா?"

"இல்லை."

"பாப்பாவுக்கு?"

"இல்ல."

"அக்கா, உங்களுக்கு?"

அவள் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை, கண்ணாடியில் பொட்டைச் சரி பார்ப்பதுபோல ஒரு பார்வைதான்.

"இல்லம்மா. எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கேன்" என்றாள்.

அவளுக்குக் காய்ச்சல் வந்தது தோராயத்துக்குத் தெரியும்.

மழை பிடித்துக்கொண்ட புதிதில் வெளியூரிலிருந்து நிபுணர்கள் சிலர் அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான் என்று அவரே முந்திக்கொண்டு அழைத்துவிட்டார். அன்று காலை பார்த்து அவள் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குங்க. கண்ணுக்குப் பின்னாடி குத்துது. இது உங்க காய்ச்சல்தானோ என்னமோ" என்றாள். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது. கடிகாரத்தையும் பார்த்தார். "அதுவா இருந்தா உன்னால எழுந்து நிக்கவே முடியாது. இது சாதாரணக் காய்ச்சல். ஒரு மாத்திரையைப் போடு, சரியாப் போயிடும்" என்றார்.

அவள் எழுந்து நின்றாள். சமைத்தாள். ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு மறு கையால் பரிமாறினாள். நிபுணர்கள் வைரஸைப் பற்றியே பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள். அவர்களில் ஒருவர், "வீட்டம்மா ரொம்பச் சோர்வா இருக்காங்களே" என்றார். "அவ அப்படித்தான் சார், சரியாத் தூங்க மாட்டா" என்று தோராயம் சொல்லிவிட்டார். அந்த வாரம் முழுக்க அவள் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்டால் அன்றைக்குச் சொன்னது தப்பு என்று ஆகிவிடுமே.

இப்போது அவள் 'இல்லம்மா' என்றதும் அவருக்கு மூச்சு திரும்ப வந்தது. அப்பாடா, மானம் தப்பியது என்று இருந்தது. எவ்வளவு கேவலமான நிம்மதி அது என்பது அந்த நொடியே அவருக்குப் புரிந்தது. இருந்தாலும் நிம்மதி நிம்மதிதான்.

பட்டைகள் மேஜைமேல் வரிசையாகக் காய்ந்தன. அவருக்கு ஒரு கோடு. மகளுக்கு ஒரு கோடு. மனைவிக்கு இரண்டு.

"பாத்தீங்களா சார்!" என்று செவிலியர் குதூகலித்தாள். "உங்க வீட்லயே ஊமைத் தொற்று! அக்கா, உங்களுக்கு வந்துட்டுப் போயிருக்கு. தெரியவே இல்லை பாருங்க!"

"அட" என்றாள் மனைவி.

தோராயம் சிரித்தார். அவரும் சேர்ந்து சிரித்தார் என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

செவிலியர் போனதும் மகளும் பள்ளிக்குப் போனாள். அவர் அலுவலகத்துக்குக் கிளம்பாமல், துணி மடித்துக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏன் இல்லைன்னு சொன்ன?"

"வேற என்ன சொல்றதாம்? உங்களுக்குக் கீழ வேலை பாக்கிற பொண்ணு. காய்ச்சல் வந்துச்சும்மா, உங்க சார்தான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாருன்னு சொல்லவா?"

"கேள்வி கேட்டா உண்மையைச் சொல்லணும்" என்றார். சொன்ன வேகத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"அப்படியா?" என்றாள் அவள். ஒரு சட்டையின் கையை மடித்து வைத்தாள். "அதுவா இருந்தா நிக்கவே முடியாதுன்னீங்க. நான் நின்னேனே. அப்ப அது இல்லைன்னுதான் நினைச்சேன்."

குத்திக்காட்டும் தொனி கொஞ்சமாவது இருந்திருந்தால் அவர் பதிலுக்குச் சண்டை போட்டுத் தப்பித்திருப்பார். அவள் உண்மையாகவே அப்படி நினைத்திருந்தாள். கொசுவைப் பற்றி வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம்.

பேருந்தில் போகும்போது ஒரு விஷயம் அவருக்கு உறைத்தது. அவருடைய காதுகள் சூடாயின. ஒன்றாக உட்கார வை என்று விதி போட்டது யார்? இந்த வட்டாரத்தில் எத்தனை கூடங்களில் எத்தனை பெண்கள் பக்கத்து நாற்காலியைப் பார்த்துவிட்டு 'இல்லை' என்றிருப்பார்கள்? பெண்களின் உடம்பில் இருக்கும் தனிச் சக்தி என்று பாதி எழுதி வைத்த கட்டுரை நினைவுக்கு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஜன்னலைத் திறக்கட்டுமா என்று கேட்கும் அளவுக்கு அவருக்கு வியர்த்தது.

அன்று அவரும் செவிலியரோடு வீடுகளுக்குப் போனார். சார் வெயிலில் அலைவதைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம். மூன்றாவதாகப் போனது ஒரு மெக்கானிக்கின் வீடு. கையில் கிரீஸோடு அவரும், ஈரக் கையோடு அவர் மனைவியும் கட்டிலில் அருகருகே உட்கார்ந்தார்கள். தோராயம் இந்தத் தடவை கைக்கணினியைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார்.

"உங்களுக்குக் காய்ச்சல் வந்துச்சா அக்கா?" என்று செவிலியர் கேட்டாள்.

"இவளுக்கா?" என்று மெக்கானிக் முந்திக்கொண்டார். "இவ இரும்பும்மா. காய்ச்சல்தான் இவளைப் பாத்துப் பயந்து ஓடும்."

அந்தப் பெண் புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். "இல்லைங்க" என்றாள்.

பட்டையில் இரண்டு கோடு விழுந்தது.

தோராயம் மெக்கானிக்கிடம் வண்டியைப் பற்றி என்னவோ கேட்டபடி அவரை வாசலுக்கு அழைத்துப் போனார். போகும்போதே செவிலியரிடம், "உள்ள போய்த் தனியா இன்னொரு தடவை கேளும்மா" என்று மெதுவாகச் சொன்னார். அவளும் போய்விட்டு வந்தாள். தெரு முனை வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் வருவதை அவர் பார்த்ததே இல்லை.

"என்னம்மா?"

"பத்து நாள் காய்ச்சலாம் சார். படுத்துக் கிடந்தீங்களான்னு கேட்டேன். எங்க படுக்கிறதுங்கிறாங்க." கொஞ்ச தூரம் நடந்தாள். "நான் இத்தனை வீட்ல கேட்டிருக்கேன் சார். எல்லாத்தையும் இல்லை, இல்லைன்னு தட்டிக்கிட்டே வந்துட்டேன்."

"நீ என்ன பண்ணுவ. விதி என்னோடது" என்றார்.

கூட்டத்தில் இதைச் சொல்வதற்குள் அவருக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. நீள மேஜையின் தலைமாட்டில் இயக்குநரம்மா, முன்னால் வார்டுக் கோப்பு. ஓரத்து நாற்காலிகளில் செவிலியரும் மற்றவர்களும். முறையில் சிறு குறை, பதில்களில் சற்றே பிசகு என்று அவர் பூசி மெழுகப் பார்த்தார். இயக்குநரம்மா விடுகிற ஆள் இல்லை.

"போன மாசம் இதே முறையைத்தானே தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடினீங்க? இப்ப என்ன வந்துச்சு? ஒரு மெக்கானிக் வீட்டை வச்சு எல்லாத்தையும் மறுபடி கேக்கச் சொல்றீங்களா? எவ்வளவு செலவு தெரியுமா?"

"மெக்கானிக் வீடு மட்டும் இல்லை மேடம்." தொண்டையைச் செருமினார். "என் வீட்லயும்தான். என் மனைவிக்கு ரெண்டு கோடு. காய்ச்சல் வந்திருக்கு. நான் பக்கத்துல இருந்ததால இல்லைன்னு சொல்லிட்டா."

"அவங்களுக்குக் காய்ச்சல்னு அப்ப உங்களுக்குத் தெரியாதா?" என்று இயக்குநரம்மா கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

எல்லா முகங்களும் அவர் பக்கம் திரும்பியிருந்தன. உண்மை வாய்வரைக்கும் வந்தது.

"தெரியாது மேடம். அப்ப வேலை அதிகம். அவளும் சொல்லல."

"பொம்பளைங்க அப்படித்தான் சார், வாயைத் திறக்க மாட்டாங்க" என்று யாரோ ஆறுதல் சொன்னார்கள். இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். அவரும் ஆட்டினார். கழுத்தை ஒடித்துப் போட்டுக்கொள்ளலாமா என்றிருந்தது.

இயக்குநரம்மா கோப்பை மூடினார். "சரி. ரெண்டு கோடு விழுந்த எல்லாரையும் மறுபடி கேளுங்க. தனித்தனியா, கதவைச் சாத்திக்கிட்டு. வார்டு அது வரைக்கும் இருக்கட்டும். இன்னொரு கேள்வியும் சேருங்க. காய்ச்சல் வந்தப்ப யார்கிட்ட சொன்னீங்கன்னு. யார்கிட்டயும் சொல்லாம இருக்காங்களா, சொல்லியும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வர ஆள் இல்லையான்னு தெரியணும்ல?"

புது விதிகளைத் தோராயம்தான் எழுதினார். மிகக் கண்டிப்பாக எழுதினார். கேள்வி கேட்கும்போது வீட்டார் யாரும் அறையில் இருக்கக் கூடாது. சொன்னவர் சொன்னதை மட்டுமே பதிய வேண்டும். வேறு யார் வந்து என்ன சொன்னாலும் அதை வைத்துப் பதிலை மாற்றக் கூடாது. பக்கத்து நாற்காலிக்காரன் இனிமேல் எந்தப் பதிலிலும் மூக்கை நுழைக்க முடியாதபடி செய்துவிட்டார்.

கதவைச் சாத்தியதும் ஊமைகள் பேசினார்கள். ஊமைத் தொற்றின் கணக்கு தோராயமாகப் பாதியாகக் குறைந்தது. வார்டுக் கோப்பு அலமாரிக்குத் திரும்பிப் போனது. அலுவலகத்தில் அவருக்குக் கை கொடுத்தார்கள். சொந்த வீட்டையே உதாரணமாகச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும் என்றார்கள். அவர் கூனிக் குறுகிப்போய்க் கழிப்பறைப் பக்கம் நடந்துவிடுவார்.

கடைசியில் அவர் வீட்டு முறையும் வந்தது. ஒரு விடுமுறை நாள் காலை. செவிலியர் வந்ததும், "சார், நீங்களும் பாப்பாவும் வெளியே" என்றாள். சொந்த வீட்டு வாசலுக்கு வெளியே, மாடிப்படியில் அவர் உட்கார்ந்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் மனைவி மூச்சு வாங்க உட்கார்ந்த அதே படி என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. மகள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எதையோ தின்றுகொண்டிருந்தாள்.

உண்மையைச் சொல்லிவிடு என்று அவர் வேண்டிக்கொண்டார். சொல்லிவிடாதே என்றும் வேண்டிக்கொண்டார். செவிலியரும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். 'அவளும் சொல்லல' என்று அவர் சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்கிறது. இனி திங்கட்கிழமை அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

கதவு திறந்தது. "முடிஞ்சுது சார்" என்று சொல்லி, பையை மாட்டிக்கொண்டு செவிலியர் படியிறங்கினாள். அவள் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

மனைவி நாற்காலிகளை ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்காமலே சொன்னாள்.

"காய்ச்சல் வந்துச்சுன்னு சொல்லிட்டேன். கணக்குக்கு வேணும்னீங்களே."

"ம்."

"அப்புறம் புதுசா ஒண்ணு கேட்டா. அப்ப யார்கிட்ட சொன்னீங்கன்னு." அவள் நாற்காலியின் முதுகைத் துடைத்தாள். "யார்கிட்டயும் சொல்லலைன்னுட்டேன். நீங்க பயப்படாதீங்க."

முதலில் வந்தது அதே நிம்மதிதான். மூச்சு லேசானது, தோள் இறங்கியது. அப்பாடா. இரண்டாம் தடவையாக அவள் அவரைக் காப்பாற்றியிருந்தாள். இந்தத் தடவை பக்கத்தில் நாற்காலி இல்லை, அவர் இல்லை, கதவும் சாத்தியிருந்தது. அப்படியும்.

அந்த நிம்மதியை இரண்டாம் தடவை அவரால் தாங்க முடியவில்லை. செருப்பு போடாமல் படிகளில் ஓடினார்.

செவிலியர் தெருவில் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டிருந்தாள். எதிர் வீட்டுக்காரர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். மேல்மாடியில் யாரோ துணி காயப் போட்டார்கள். தோராயம் வண்டியின் முன்னால் போய் நின்றார்.

"அம்மா, ஒரு பதில் தப்பு."

"எது சார்?"

"யார்கிட்டயும் சொல்லலைன்னு சொன்னாள்ல? சொன்னா. என்கிட்ட சொன்னா." மூச்சு வாங்கியது. குரல் தெரு முழுக்கக் கேட்டது. "அன்னைக்குக் காலையிலேயே சொன்னா. கண்ணுக்குப் பின்னாடி குத்துதுன்னு சொன்னா. நான்தான் எழுந்து சமைன்னுட்டேன். கூட்டத்துல நான் சொன்னது பொய். அதை மாத்திரு."

கார் கழுவுகிறவர் குழாயை மூடிவிட்டார்.

செவிலியர் அவரையே பார்த்தாள். அப்புறம் அவருடைய வெறுங்காலைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்ததா, கோபமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"மாத்த முடியாது சார்" என்றாள். "அவங்க சொன்னதைத்தான் பதியணும். வீட்ல வேற யார் வந்து சொன்னாலும் எடுத்துக்கக் கூடாது. நீங்கதானே எழுதினீங்க?"

வண்டியைக் கிளப்பிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் தெரு நடுவில் நின்றார். மனைவி யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் இனிக் கணக்கில் இருக்கும். அவர் பெயரோடு அச்சாகிப் போகும் அறிக்கையில் அவளும் வாயைத் திறக்காதவர்களில் ஒருத்தி.

"என்னங்க" என்று மேலே பால்கனியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். அங்கே வரைக்கும் என்ன கேட்டது, என்ன கேட்கவில்லை என்று அவருக்குத் தெரியாது. "செருப்பு கூடப் போடாம எங்க ஓடினீங்க? அந்தப் பொண்ணு எதையாவது விட்டுட்டுப் போயிட்டாளா?"

எதிர் வீட்டுக்காரர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தோராயம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை.

"இல்ல" என்றார்.